720 அடி போர்வெல்லுக்கு சோலார் மோட்டார்: எவ்வளவு தண்ணீர் எதிர்பார்க்கலாம்?

திருப்பூர் மாவட்டம் குண்டடம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு ஏக்கர் காடு. இரண்டு ஏக்கரில் தென்னை, 140 மரம். மீதி இரண்டு ஏக்கரில் முன்பு தக்காளியும் கத்தரியும் போட்டார்கள், இப்போது சும்மா கிடக்கிறது. போர் 720 அடி. மோட்டார் 600 அடியில் தொங்குகிறது. ஓடும்போது தண்ணீர் மட்டம் 450 அடி வாக்கில் நிற்கிறதாம். 70 அடியில் பழைய கிணறு ஒன்றும் உண்டு, கோடையில் காய்ந்துவிடும். இலவச சர்வீஸுக்கு (விவசாய இலவச மின் இணைப்பு) எழுதி வைத்துப் பல வருடமாகியும் முறை வரவில்லை, அதனால் அப்பா டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுகிறார். கேட்டவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. "7.5 ஹெச்.பி. சோலார் போட்டால் நாலு ஏக்கருக்கும் பாயுமா? மானியத்தில் போடுவதா, சொந்தக் காசிலா? நாளைக்கு சர்வீஸ் வந்துவிட்டால் போட்ட பணம் வீணா?" என்பது அவருடைய கேள்வி.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்தப் போரிலிருந்து வெயிலை வைத்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் மேலே வரும்? அதற்கு விடை தெரிந்தால் ஹெச்.பி., மானியம், சர்வீஸ் எல்லாம் தானாக அதனதன் இடத்தில் உட்காரும். நான் மின் பொறியியல் படித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்துவிட்டு, அப்புறம் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் இறக்குகிற வேலைக்கு வந்தவன். சோலார் பம்ப் விற்கிறவன் இல்லை. கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை அதில் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரம் தூக்க 2.7 வாட்-மணி சக்தி வேண்டும். இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் கிடையாது, புவியீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் போரில் 450 அடி, பைப்பில் உராய்வுக்குக் கொஞ்சம் என்று 475 அடியாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 145 மீட்டர். ஆக ஆயிரம் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 400 வாட்-மணி. ஆனால் மோட்டாருக்குள் போகிற கரண்டு முழுவதும் தண்ணீரைத் தூக்கப் போவதில்லை. கன்ட்ரோலரில் (பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற பெட்டி) கொஞ்சம், நீர்மூழ்கி மோட்டாரில் கால் பங்கு, பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) அடுக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று கழிந்து, கடைசியில் நூற்றுக்கு நாற்பதுதான் தண்ணீராக மாறும். ஆக உங்கள் போரில் ஆயிரம் லிட்டருக்கு ஆயிரம் வாட்-மணி, அதாவது ஒரு யூனிட். நினைவில் வைக்க வசதியான எண்ணாக அமைந்துவிட்டது.

இனி பேனல் பக்கம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருட சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் கொடுக்கும். மாசி, பங்குனியில் கூடும், ஐப்பசி மழையில் குறையும். நீங்கள் கேட்டது 7.5 ஹெச்.பி., நான் 5 ஹெச்.பி.யை வைத்துக் கணக்குப் போடுகிறேன், காரணம் பின்னால் வரும். 5 ஹெச்.பி. செட்டுக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் பேனல் வரும் என்றால் நாளுக்கு 20 யூனிட், அதாவது 20,000 லிட்டர். விற்பனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ஆழமான போரில் இன்னொரு கழிவு இருக்கிறது.

சோலாரில் மோட்டாரின் வேகம் வெயிலோடு ஏறி இறங்கும். பம்ப் தூக்கக்கூடிய உயரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வேகத்தில் சுற்றினால் உயரம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். உங்கள் போரில் தண்ணீர் 450 அடியில் நிற்கிறது, அந்த உயரம் வெயிலுக்காகக் குறையப் போவதில்லை. எனவே மோட்டார் ஏறத்தாழ 85 சதவீத வேகத்தைத் தொட்ட பிறகே முதல் சொட்டு மேலே எட்டிப் பார்க்கும். அதற்கே முழு வெயிலில் வருகிற சக்தியில் கிட்டத்தட்ட பாதி வேண்டும். காலை எட்டு மணிக்கு கன்ட்ரோலரில் விளக்கு எரியும், மோட்டார் சுற்றுகிற எண்ணும் காட்டும், பைப்பில் மட்டும் தண்ணீர் இருக்காது. செட் பழுதாகிவிட்டது என்று அந்த நேரத்தில் வருகிற போன்தான் அதிகம். பழுதெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்பது ஒன்பதரைக்குத் தண்ணீர் விழ ஆரம்பித்து மூன்றரை வாக்கில் நின்றுவிடும். நன்றாக மூடிய நாளில் பேனல் பத்து இருபது சதவீதம் கரண்டு கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் 450 அடியிலிருந்து வருகிற தண்ணீர் பூஜ்யம். பவானி ஓரத்தில் 30 அடிக் கிணறு வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவருக்கு மங்கலான வெயிலிலும் கொஞ்சம் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரே சோலார் செட்டைப் பற்றி பவானி ஓரத்துக் கோபிக்காரர் ஒன்று சொல்வதும் ஆழமான போர் வைத்திருக்கிற காங்கேயத்துக்காரர் வேறொன்று சொல்வதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஆக, 20,000 என்பதை 16,000 என்று திருத்திக்கொள்ளுங்கள். மோட்டார் 5 ஹெச்.பி.யாகவே இருக்க, பேனலை மட்டும் 6 கிலோவாட்டாக ஏற்றினால் காலையில் அரை மணி முன்னாலும் மாலையில் அரை மணி பின்னாலும் கூடுதலாக ஓடி, பழையபடி 20,000 பக்கம் வரலாம். மோட்டாரை ஏற்றுவதைவிட பேனலை ஏற்றுவது ஆழமான போருக்கு எப்போதும் புத்திசாலித்தனம்.

7.5 ஹெச்.பி. ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பெரிய மோட்டார் அதிகத் தண்ணீரைத் தூக்கும் என்பது போரில் அவ்வளவு தண்ணீர் ஊறினால்தான். ஆறு மணி நேரத்தில் 20,000 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 55 லிட்டர். 200 லிட்டர் டிரம் ஒன்று மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகி நிரம்ப வேண்டும். போர் போட்டபோது "ரெண்டு இஞ்சு தண்ணி" என்று வண்டிக்காரர் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கு அன்றைக்கு, அந்த நிமிடத்துக்கு மட்டும். சித்திரை மாதத்தில், ஜெனரேட்டரை விடாமல் நான்கு மணி நேரம் ஓட்டி, நான்காவது மணியில் டிரம் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் போர். மூன்றரை நிமிடத்தில் நிரம்பினால் 5 ஹெச்.பி. சரி. ஏழு நிமிடம் ஆனால் 3 ஹெச்.பி. போதும், மிச்சப் பணத்தைத் தொட்டியில் போடுங்கள். இதை அங்கே இருந்து அளக்காமல் யாராலும், என்னாலும், உங்கள் போருக்கு ஹெச்.பி. சொல்ல முடியாது. அளக்காமல் சொல்கிறவர் தன்னிடம் ஸ்டாக் இருப்பதைச் சொல்கிறார்.

சோலாருக்கும் குறைந்த ஊற்றுள்ள போருக்கும் ஒரு நல்ல பொருத்தம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மும்முனைக் கரண்டில் மோட்டார் முழு வேகத்தில் உறிஞ்சி அரை மணியில் போரைக் காலி செய்து, ட்ரிப் ஆகி, மறுபடி ஊறக் காத்திருக்கும். அப்படிப்பட்ட போர்களுக்குத்தான் நம் பக்கம் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீர் எடுக்கிறோம், தண்ணீர் வரும், கரண்டு தின்பதற்கு அளவே கிடையாது. இலவசக் கரண்டில் அது யாருக்கும் தெரியவில்லை. சோலாரில் சின்ன மோட்டாரை இறக்கினால் ஊறுகிற வேகத்துக்கே நாள் முழுக்க மெதுவாக எடுக்கலாம். கன்ட்ரோலரில் தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அது வேலை செய்வதைக் கண்ணெதிரில் காட்டச் சொல்லுங்கள். காற்றடிக்கிற கம்ப்ரசரை அப்படியே பேனலில் ஓட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஓட்டலாம், ஆனால் தூக்குகிற தண்ணீருக்குப் பேனல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். செய்யாதீர்கள்.

சரி, 16,000 முதல் 20,000 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எதற்குக் காணும்? மேற்கு மாவட்டங்களில் சொட்டுநீரில் தென்னைக்கு மாசி முதல் வைகாசி வரை மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 140 மரத்துக்கு 9,100 லிட்டர். கையில் மிஞ்சுவது ஏழாயிரமோ, நல்ல நாளில் பதினோராயிரமோ. காய்கறிக்குச் சொட்டுநீரிலேயே ஏக்கருக்கு நாளுக்கு 16,000 லிட்டர் வாக்கில் கோடையில் கேட்கும். அதனால் மீதமுள்ள இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர், மிஞ்சினால் முக்கால் ஏக்கர்வரை பயிர் பார்க்கலாம். நான்கு ஏக்கருக்கும் பாயுமா என்ற கேள்விக்கு பதில், பாயாது. வாய்க்கால் வெட்டித் தண்ணி கட்டுகிற பாசனமாக இருந்தால் தென்னைக்கே காணாது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும்.

மீதி ஒன்றே கால் ஏக்கரை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஊர் மழை மறைவுப் பிரதேசம். அதைக் கொறங்காடாக விடுங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக நம் தாத்தாக்கள் வைத்திருந்த மேய்ச்சல் காடு, ஒரு லிட்டர் போர்த் தண்ணீர் கேட்காது. நாலு மேச்சேரி ஆடு நின்றால் மரத்தடிக்கு எருவும் ஆச்சு. சோலார் வந்துவிட்டது என்பதற்காகக் காய்ந்த நிலத்தையெல்லாம் பச்சையாக்கக் கிளம்பினால் முதலில் வற்றுவது போர்தான்.

அடுத்தது தொட்டி. இது இல்லாமல் ஆழமான போருக்கு சோலார் போடுவது பாதி வேலை. பம்ப் செட்டுக்கு பேட்டரி வைப்பதில்லை, வைத்தால் கட்டுப்படியாகாது. பகலில் எடுத்த தண்ணீரைச் சேர்த்து வைப்பதுதான் வழி. 12 அடிக்கு 10 அடி, ஆறடி உயரம் கட்டினால் 20,000 லிட்டர் பிடிக்கும், ஒரு நாள் வரத்து. முடிந்தால் இரண்டு நாள் வரத்துக்குக் கட்டுங்கள். மூடாக்கு நாளொன்று வந்தால் சமாளிக்கலாம். நம் பக்கத்து வழக்கப்படி போர்த் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து இன்னொரு மோட்டாரில் எடுக்கலாமா என்றால், உங்கள் விஷயத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. 475 அடி தூக்கிய தண்ணீரை மறுபடி 60 அடி கீழே விட்டுத் திரும்பத் தூக்குகிறீர்கள், கோடையில் காய்கிற கிணறு என்பதால் பாறை இடுக்கில் கசிவும் போகும். தரைத்தொட்டியிலிருந்து சொட்டுநீருக்கு அழுத்தம் கொடுக்க ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் (தரையில் வைக்கிற மோட்டார் பம்ப்) போதும். அதையும் பேனலிலேயே ஓட்டலாம், வீட்டுக் கரண்டில் ஓட்டாதீர்கள். வீட்டு இணைப்பில் பாசனம் செய்வது விதிப்படி தப்பு. பிடித்தால் அபராதம் உண்டு.

இப்போது பணம். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் எடுப்பதே பெரிது. 20 யூனிட்டுக்கு ஏழு லிட்டர், அறுநூறு ரூபாய்க்கு மேல். தண்ணீர் ஆயிரம் லிட்டர் முப்பது ரூபாய் விழுகிறது. வருடத்தில் இருநூறு நாள் ஓட்டினாலே லட்சத்தைத் தாண்டும். அதனால் டீசலில் ஓட்டுகிறவருக்கு சோலார் லாபமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை, மானியம் இல்லாமலே சில வருடங்களில் போட்ட காசு திரும்பிவிடும். இலவச சர்வீஸ் ஏற்கனவே இருப்பவருக்கோ கணக்கு தலைகீழ். அவருக்கு மிச்சமாகிற பில் என்று எதுவும் கிடையாது. ராத்திரி முறை வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே வால்வு மாற்றப் போகிற அலைச்சல்தான் மிச்சம். அது பெரிய விஷயம்தான், ஆனால் ரூபாயில் வராது. சோலார் போட்டு லட்சக்கணக்கில் மிச்சம் பிடித்ததாக யாராவது சொன்னால், அவர் டீசலில் ஓட்டியவரா, இலவச சர்வீஸ்காரரா என்று முதலில் கேளுங்கள்.

கொங்கு நாட்டில் இலவசக் கரண்டை வெறும் ரூபாய்க் கணக்காகப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டதும், 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்ததும் பெரியவர்களுக்கு இன்னும் நேற்று நடந்தது மாதிரி. அதனால் சோலார் என்றதும் "இலவசத்தைப் பிடுங்க வழி பார்க்கிறார்கள்" என்று உங்கள் அப்பா சந்தேகப்பட்டால் அதில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க அதுவே ஒரு காரணம்.

மானியத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019-ல் தொடங்கியது. மின்கட்டமைப்பில் சேராத தனி சோலார் பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் என்பது அடிப்படை. தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. மத்திய அரசின் பங்கு பொதுவாக 7.5 ஹெச்.பி. அளவோடு நின்றுவிடும், அதற்கு மேல் போனால் கூடுதல் விலை உங்கள் தலையில். ஐந்து வருடப் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு. சதவீதமும் ஒதுக்கீடும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறுவதால், தாராபுரம் பக்கத்தில் உங்களுக்கான உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த வருட நிலவரத்தைக் கேளுங்கள். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும். குசும் பெயரில் பதிவுக் கட்டணம் கேட்கும் போலி இணையதளங்கள் நிறைய இருப்பதாக மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. போனில் யாராவது மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்றால் வைத்துவிடுங்கள்.

அலுவலகத்தில் இரண்டு விஷயத்தைத் துருவிக் கேளுங்கள். ஒன்று, உங்கள் பிர்காவின் (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் நிலை. கொங்கில் பல பிர்காக்கள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக சோலார் பம்ப் தரமாட்டார்கள். ஆனால் ஏற்கனவே டீசலில் ஓடுவதை, சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடு சேர்த்து சோலாருக்கு மாற்றத் திட்டத்தின் வழிகாட்டுதலில் இடமுண்டு. நீங்கள் டீசலில் ஓட்டுவது இங்கே உங்களுக்குச் சாதகம், அதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். இரண்டு, இலவச சர்வீஸ் வரிசையில் உங்கள் மூப்பு என்னவாகும் என்பது. இந்த நிபந்தனை ஒரு காலத்தில் ஒரு மாதிரி, பிறகு வேறு மாதிரி என்று மாறியிருக்கிறது. நீங்கள் தருகிற உறுதிமொழிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், கவுன்ட்டரில் வாயால் சொல்வது செல்லாது. ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிற மோட்டாரையே வைத்துக்கொண்டு, பேனலும் சோலார் டிரைவும் (கன்ட்ரோலர் பெட்டி) மட்டும் வாங்கப் பார்ப்பார்கள். செய்யலாம், செலவு குறையும். ஆனால் 415 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் சுற்ற டி.சி. பக்கம் 590 வோல்ட் வாக்கில் வேண்டும். இன்றைய பெரிய பேனல் ஒன்று 40 வோல்ட் கொடுக்கிறது, எனவே வரிசையாக 14, 15 பேனல் கோத்தாக வேண்டும். எட்டு பேனல் போதும் என்று யாராவது விலை குறைத்துச் சொன்னால் மோட்டார் சுற்றும், 450 அடியிலிருந்து தண்ணீர் வராது. பழைய மோட்டாரின் பம்ப் பகுதி தேய்ந்திருந்தால் மேலே சொன்ன நாற்பது சதவீதம் முப்பதாகிவிடும், பேனல் காசு அங்கே வீணாகும். மானிய செட்டில் மோட்டாரும் பேனலும் கன்ட்ரோலரும் ஒன்றுக்கொன்று பொருத்தி வருவதால் இந்தத் தலைவலி குறைவு. உங்கள் நிலையில் நான் மானியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஒரு கோடை டீசலிலேயே ஓட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

பேனல் வைக்கிற இடம் தென்னந்தோப்பில் லேசில் கிடைக்காது. 5, 6 கிலோவாட்டுக்கு ஒரு சென்ட் நிலம் போதும், ஆனால் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்குவரை ஒரு மட்டையின் நிழல்கூட விழாத ஒரு சென்ட் வேண்டும். ஒரு பேனலின் ஓரத்தில் ஒரு மட்டை நிழல் விழுந்தாலும், கோத்திருக்கிற வரிசை மொத்தத்தின் வரத்தும் குறையும். நிழல் தென்புறத்திலிருந்து மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். நாம் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சித்திரை தொடங்கி ஆவணி தொடக்கம்வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் வரும். தெற்குப் பார்த்து 11, 12 டிகிரி சாய்வு சரியானது. அதைவிடப் படுக்கவைத்தால் புழுதி தங்கும். அப்புறம் ஆடிக் காற்று. உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்குகிற அமைப்பு என்பது விதிமுறையிலேயே இருக்கிறது. தாளில் இருப்பதைவிட கான்கிரீட் குழி எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கழுவுவது காலையில், பேனல் சூடேறுமுன். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்து வெள்ளை படியும், துடைத்துவிட வேண்டும். மயில் தொல்லையை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் எழுதவில்லை. உயரமாகக் கட்டின பேனல் அவற்றுக்கு உட்கார நல்ல இடம், எச்சம் காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றை அப்பாவிடமும் பண்ணையத்து ஆளிடமும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். வெயில் அடிக்கிறவரை பேனலிலிருந்து வருகிற ஒயரில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும், மெயின் ஆஃப் பண்ணினாலும் பேனல் பக்கம் சாகாது. 600 வோல்ட் டி.சி.யில் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் தீப்பொறி விடாமல் இழுத்துக்கொண்டே வரும். இ.பி. கரண்டில் பழகிய கை அதை எதிர்பார்க்காது. எர்த் குழி தனியாக, இடி தாங்கி தனியாக. கேபிளை மண்ணுக்குள் பைப்பில் போடுங்கள், எலிக்கும் திருடனுக்கும் அதுதான் ஒரே பதில்.

எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால், பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள், முடிவில் ஏறத்தாழ 80 சதவீதம் கொடுக்கும் என்று. பேனலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கன்ட்ரோலர் அத்தனை வருடம் வராது, நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். நீர்மூழ்கி மோட்டார் எதில் ஓடினாலும் மோட்டார்தான், காயில் (கம்பிச் சுருள்) போகும், புஷ் தேயும், கழற்றி ஏற்ற வேண்டும். 600 அடியிலிருந்து ஏற்றி இறக்குகிற கூலியைக் கணக்கில் சேருங்கள்.

கருத்து வேறுபாடு இருக்கிற ஒரு விஷயம், சோலார் பம்ப் நிலத்தடி நீரை இன்னும் வேகமாக வற்ற வைக்குமா என்பது. ஓட்டச் செலவே இல்லை என்றால் வெயில் இருக்கிறவரை ஓட்டத்தான் தோன்றும் என்கிறது ஒரு கட்சி. மிஞ்சிய கரண்டை மின்வாரியத்துக்கு விற்க வழி செய்தால் தண்ணீரை விட்டுவிட்டுக் கரண்டை விற்பார்கள் என்று குஜராத்தில் துண்டி கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவாகவே நடத்திப் பார்த்தார்கள். இங்கே ஏற்கனவே கரண்டு இலவசம் என்பதால் சோலாரால் புதிதாக வருகிற கெடுதி குறைவு என்பது என் எண்ணம். சூரியன் ஆறு மணி நேரத்தில் தானே நிறுத்திவிடுகிறது, இலவசக் கரண்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டவர்கள் நிறுத்துவதே இல்லை. இது என் எண்ணம் மட்டும்தான், நிரூபிக்கப்பட்ட முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே அவிநாசி, அன்னூர் பக்கம் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத் தண்ணீர் 2024 முதல் குளம் குட்டைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே சோலார் போடுகிறவர்கள் இன்றைய ஆழத்துக்கு மட்டும் பம்ப் தேர்ந்தெடுக்காமல், மட்டம் ஏறினாலும் ஒத்துவருகிற மாதிரி பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் அந்த நிலை இல்லை.

கடைசிக் கேள்வி, சர்வீஸ் வந்துவிட்டால் சோலார் வீணா என்பது. வரிசையில் காத்திருக்க முடியாதவர்கள் பணம் கட்டி முன்கூட்டியே சர்வீஸ் வாங்க தட்கல் என்று ஒன்றை, 5 ஹெச்.பி.க்கு இரண்டரை லட்சம் என்று அறிவித்தார்கள். மானியம் போக சோலாருக்கு உங்கள் பங்கு அதைவிடக் குறைவாகவே வரும். சர்வீஸ் வந்த பிறகு இரண்டையும் வைத்துக்கொள்ள நிபந்தனை இடம் கொடுத்தால், போர் மோட்டாருக்கு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு வெயிலில் சோலாரிலும் மூடாக்கு நாளில் மட்டும் கரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மோட்டாருக்குக் கொடுக்கிற மாதிரி ஒயரிங் செய்துவிட்டால் கன்ட்ரோலர் அந்த நிமிடமே புகைந்துவிடும், உத்தரவாதமும் அதோடு போய்விடும். சுவிட்ச் மூன்று நிலை உள்ளதாக இருக்கட்டும், நடு நிலையில் இரண்டுமே துண்டிக்கப்பட வேண்டும். போர் மோட்டார் கரண்டில் ஓடுகிற நாளில் பேனல் சும்மா இருக்கும். தொட்டியில் இருக்கிற மோனோபிளாக்கை அதில் ஓட்டிக்கொள்ளலாம், அதற்கு இப்போதே ஒரு தனி டிரைவுக்கு இடம் விட்டுப் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். முதலில் சித்திரையில் அந்த டிரம் கணக்கைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள், எத்தனை ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) பம்ப் என்பதை அதற்கப்புறம் பேசலாம்.